மாணவன் முகவரியும் மருத்துவக் கல்லூரியும்



நீட் தேர்வின் மதிப்பெண் வந்து, தரவரிசைப் பட்டியலும் வெளியாகும் நாட்களில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய எங்கள் மேற்குப் புறநகர்களில் மருத்துவம் பயில விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கும். எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது, எதை எழுதாமலே விட்டுவிடுவது என்பதே அப்பேச்சு. இப்பகுதியில் நெடுங்காலம் ஆசிரியனாகவும், பிறகு தலைமையாசிரியனாகவும் பணி செய்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னரும் பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. அவர்கள் கேட்பது வரப்போகிற ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றிய கேள்வி. நானோ சரித்திரம் கற்பித்தவன். ஆதலால் அவர்களுக்கு விடை சொல்வதற்கு முன் எனக்குள் வேறொரு கேள்வி எழும். தமிழ்நாட்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி, ஒன்று இரண்டு மூன்று என்று தன் விருப்பப்படி வரிசைப்படுத்தும் வாய்ப்பு ஒரு மாணவனுக்கு எவ்வாறு வந்தது? அது என்றும் இருந்ததன்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தது ஒரே இடம். 1835-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், கவர்னர் சர் பிரடெரிக் ஆடம் காலத்தில், சென்னைப் பெரியாஸ்பத்திரியை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1850-இல் அது கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அந்த ஆஸ்பத்திரியோ 1664-இல் கோட்டைக்குள் பிறந்து, 1772 முதல் இன்றுள்ள இடத்தில் இருந்து வருவது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடிற்று. அந்த இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்த ஊர்களே அம்பத்தூரும் ஆவடியும். 1873-இல் சென்ட்ரல் நிலையம் பெரியாஸ்பத்திரிக்கு எதிரிலேயே எழுந்தபின், எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி என்பது ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் வந்துவிடும் இடமாயிற்று. இருப்பினும் எங்கள் ஊர்கள் அப்பொழுது ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த கிராமங்கள். பூந்தமல்லி மட்டும் ஆங்கிலப் படையினர் தங்கிய பாளையமாக இருந்தது. சாலையைக் கடக்கும் தூரமே மிச்சமிருந்தபோதும், அக்கல்லூரிக்குச் செல்லும் படிப்பு எங்கள் கிராமங்களில் இல்லை.

பெண்களுக்கு அந்தக் கதவு 1875-இல் திறந்தது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாதும் வேறு மூன்று பெண்களும் அவ்வாண்டு அங்கே மருத்துவம் கற்கச் சேர்ந்தனர். இலண்டன் நகரத்திலேயே பெண்களுக்கு மருத்துவக் கல்வி பெரும்பாடாக இருந்த காலத்தில் சென்னை இதைச் செய்தது என்பதை மாணவியர் நினைவில் வைக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் மாணவனுக்கு ஒரு தேர்வு வாய்த்தது. அதுவும் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே அன்று. பட்டத்திற்கும் சான்றிதழுக்கும் இடையே. எம்.பி.பி.எஸ். என்பது பல்கலைக்கழகப் பட்டம். எல்.எம்.பி. என்பது மருத்துவப் பள்ளியில் படித்துப் பெறும் தொழில் உரிமம். பின்னது குறைந்த காலத்தில், குறைந்த செலவில் முடியும். கிராமத்து மக்கள் ‘டாக்டர்’ என்று அறிந்தவர்களில் பலர் எல்.எம்.பி. படித்தவர்களே. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கியதும் இத்தகைய பள்ளிதான். இராயபுரம் பக்கத்திலிருந்த பள்ளி கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 1938-ஐ ஒட்டி எல்.எம்.பி. வகுப்பை நிறுத்திவிடுவதென்று மாகாண அரசு முடிவு செய்ததும் இப்பள்ளிகளுக்குச் சோதனை வந்தது; கல்லூரியாக உயர வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். ஸ்டான்லி 1938-இலேயே கல்லூரியாயிற்று. வேலூர் 1942-இல் பட்ட வகுப்பைத் தொடங்கி, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1950-ஆம் ஆண்டு. அன்றைய சென்னை இராஜ்யம் ஆந்திரப் பகுதியையும் மலபாரையும் தன்னுள் கொண்டிருந்தது. அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அந்நான்கிலும் சேர்த்து இடங்கள் 330. இந்த எண்ணை நினைவில் இருத்துங்கள். கடலோரத்தில் கஞ்சம் எல்லையிலிருந்து கன்னியாகுமரிக்கு அருகுவரை நீண்டு கிடந்த இராஜ்யம் ஒன்றுக்கு ஆண்டொன்றில் 330 இடங்கள்! இவற்றுள் 17 வெளி இராஜ்யத்து மாணவருக்கு. 12 அரசு தன் விருப்பப்படி வழங்குவதற்கு. எஞ்சிய 301 இடங்கள், மாவட்டங்களை நான்கு தொகுதிகளாகப் பிரித்துப் பங்கிடப்பட்டன. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வகுப்புவாரி ஆணையின்படி, பதினான்கு இடங்கள் கொண்ட ஒவ்வொரு கூறிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, அரிசனருக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று ஒதுக்கீடு செய்தனர்.

இம்முறையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற மாது தொடுத்த வழக்கைப் பற்றி நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் 1950-இலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் வகுப்புவாரி ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன. அதன் விளைவாக, அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை அளிக்கும் விதி, பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவாகச் சேர்ந்தது. இவ்வளவும் எல்லாரும் அறிந்தது. பலரும் கவனியாது விடும் செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது, அவ்வழக்கைத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவே இல்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று அறிந்ததனால், விண்ணப்பியாமலே நீதிமன்றத்தை நாடினார். அரசுத் தரப்பும் அதை ஒரு தடையாக எழுப்பவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இதைக் குறிப்பிட்டிருக்கிறது. இந்திய நாட்டின் கல்விச் சட்ட வரலாற்றில் தலைசிறந்த மருத்துவக் கல்லூரி வழக்கு, எழுதப்படாத ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது! இரண்டாவது, வகுப்பைப் பற்றிய வாதத்தின் பேரொலியில், ‘மாவட்டங்களின் நான்கு தொகுதிகள்’ என்ற சொற்கள் யார் காதிலும் விழவில்லை. மாணவன் எந்த ஊரான் என்று பார்த்து இடம் பிரிக்கும் வழக்கம் அப்பொழுதே இருந்தது. அது வேறு வடிவில் வளர்ந்தது.

1954-இல் மதுரையிலும், 1959-இல் தஞ்சாவூரிலும், 1960-இல் கீழ்ப்பாக்கத்திலும், 1965-இல் செங்கற்பட்டிலும் திருநெல்வேலியிலும், 1966-இல் கோயம்புத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறு கல்லூரிகள்! மாணவனின் வட்டம் விரிந்தது. விண்ணப்பதாரரின் தொகையும் விரிந்தது. அப்பொழுது அரசு ஒரு விதி வகுத்தது. ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகை மாநில மக்கள்தொகையில் எவ்வளவு பங்கோ, மருத்துவ இடங்களிலும் அவ்வளவு பங்கு அம்மாவட்டத்துக்கு என்பது அவ்விதி. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். சென்னை நகரத்தில் நல்ல பள்ளிகள், நல்ல கல்லூரிகள், பரிசோதனைக் கூடங்கள். இராமநாதபுரத்துப் பிள்ளைக்கு இவை கிடையா. திறந்து விட்டால் நகரத்துப் பிள்ளைகளே இடங்களை அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது அரசின் அச்சம். நான் இவ்வச்சத்தை எள்ளி நகையாடுபவன் அல்லன். தவளையை அறுத்துப் பார்க்காமல் படத்தில் மட்டும் பார்த்துத் தேர்வெழுதிய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான்.

ஆனால் எங்கள் ஊர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. சென்னை நகரம் ஒரு மாவட்டம். அதன் எல்லை எங்களை எட்டவில்லை. ஆவடியில் மின்விளக்கின் கீழ் படித்த பையன் சென்ட்ரல் நிலையத்துக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் போய்விடுவான். ஆயினும் அவன் கணக்கில் நகரத்தான் அல்லன். மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் உரிய பங்கிலேயே அவனுக்கும் பங்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்கள் அக்காலத்தில் புதிதாகக் குடியேறியவர்களின் ஊர்கள். அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை 1949-ஐ ஒட்டி அமைந்தது. ஆவடி, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் ‘சோஷலிச மாதிரிச் சமுதாயம்’ என்று தீர்மானித்ததால் நாடறிந்த ஊராயிற்று. அதன்பின் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் உருவாயிற்று. இத்தொழிற்சாலைகளுக்குத் திருநெல்வேலியிலிருந்தும், தஞ்சையிலிருந்தும், வட ஆர்க்காட்டிலிருந்தும் மக்கள் வந்தனர். தந்தைக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தாய்க்கு ஊர் கும்பகோணம். பிள்ளை பிறந்து படித்தது ஆவடி. அப்பிள்ளை எந்த மாவட்டத்தான்? வயலும் வாய்க்காலுமாகத் தலைமுறைகள் நிலைத்து வாழ்ந்த ஊருக்கு மாவட்டக் கணக்கு பொருந்தலாம். தொழிற்சாலைச் சங்கொலிக்கு எழுந்து புறப்படும் ஊருக்கு அது எளிதில் பொருந்தாது.

பி. இராஜேந்திரன் என்ற மாணவர் முதலானோர் தொடுத்த வழக்கில் 1968-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்விதியைத் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி வாஞ்சூ எழுதிய தீர்ப்பு அது. பிற்பட்ட வகுப்பினருக்கு அரசியலமைப்பு அனுமதிக்கும் ஒதுக்கீடு செல்லும் என்று அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குப் புறம்பே, தகுதி மிக்கவரைத் தேடுவதே மாணவர் தேர்வின் நோக்கமாக இருக்க முடியும் என்றும், ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் சேரவும் மற்றொரு மாவட்டத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்கவும் செய்யும் முறை அந்நோக்கத்துக்கு மாறானது என்றும் கூறி, மாவட்டப் பங்கீடு சமத்துவ உரிமையை மீறுகிறது என்று முடித்தது.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. 1970-71-ஆம் கல்வியாண்டில் அரசு ஒரு புதிய ஏற்பாடு செய்தது. மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகள் ஆறு பிரிவுகளாக்கப்பட்டன. சென்னை நகரத்திலிருந்த கல்லூரிகள் சேர்ந்து ஒரு பிரிவு. வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தேர்வுக் குழு. மாணவன் ஏதேனும் ஒரு குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். தன் வீட்டுக்கு அருகிலுள்ள குழுவுக்கு விண்ணப்பிப்பது நலம் என்று அறிவுரையும் கூறினர். ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களுக்கு எழுதினால், அவற்றுள் ஒரு குழுவுக்கு மட்டுமே விண்ணப்பம் அனுப்பப்படும். மாவட்டம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்பொழுது ஆவடிப் பையனின் வீட்டுக்குள் மீண்டும் செல்வோம். அவனுக்கு ‘அருகில்’ எது? ரயிலைக் கேட்டால் சென்னை. வருவாய்த் துறையைக் கேட்டால் செங்கற்பட்டு. ஆவடியிலிருந்து செங்கற்பட்டுக்குப் போவதென்றால், முதலில் அகலப்பாதை வண்டியில் சென்னைக்கு வந்து, பிறகு தாம்பரம் வழியாக மீட்டர்ப் பாதை வண்டியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே செல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியின் வாசலைத் தாண்டித்தான் அவன் செங்கற்பட்டுக் கல்லூரிக்குப் போக முடியும்!

தூரம் ஒரு புறம் இருக்கட்டும். உண்மையான இடர்ப்பாடு கணக்கில் இருந்தது. ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் நூறு இடங்களுக்கு ஆயிரம் பேர் எழுதுகின்றனர். மற்றொரு பிரிவில் நூறு இடங்களுக்கு நானூறு பேர். முதற்பிரிவில் பத்தில் ஒருவனுக்கு இடம். இரண்டாவதில் நான்கில் ஒருவனுக்கு. விண்ணப்பத்தை அஞ்சலில் சேர்க்கும்பொழுது, எந்தப் பிரிவில் எத்தனை பேர் எழுதுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்? தந்தை அலுவலகத்தில் கேட்ட வதந்தி. மாமா சொன்ன ஊகம். ‘இந்த ஆண்டு எல்லாரும் சென்னைக்கே எழுதுகிறார்களாம்’ என்ற டீக்கடைச் செய்தி. இவற்றை நம்பித்தான் எழுத வேண்டும். ஒரே மதிப்பெண் பெற்று, ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த இருவரில் ஒருவன் மருத்துவனாகவும் மற்றவன் குமாஸ்தாவாகவும் ஆவதற்கு, உறையின் மேல் எழுதிய முகவரி ஒன்றே காரணமாகலாம். சீட்டாட்டத்தை வீட்டில் தடுக்கும் பெற்றோர், பிள்ளையின் வாழ்க்கையை வைத்து ஆட நேர்ந்த ஆட்டம் அது.

பெரியகருப்பன் என்ற மாணவரின் பெயரால் வழங்கும் வழக்கு இதை எதிர்த்து எழுந்தது. 1970-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. எழுதியவர் நீதிபதி ஹெக்டே. விண்ணப்பதாரருக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டதையும், அதனால் சில பிரிவுகளுக்கு எழுதியவர்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். மாவட்டப் பங்கீட்டை நீக்கிய பின், அதே குறையைப் பிரிவு என்ற பெயரில் வைத்திருக்க முடியாது என்றாயிற்று. நிர்வாக வசதி என்று அரசு சொன்ன காரணம் நிற்கவில்லை. இந்தத் தீர்ப்பையே நான் இப்பொருளில் முதன்மையானதாகக் கருதுகிறேன். செண்பகம் வழக்கைப் போல் இது மேடைகளில் பேசப்படுவதில்லை. ஆனால் மாநிலம் முழுவதையும் ஒரே களமாக வைத்து மதிப்பெண் வரிசை எடுக்கும் முறைக்குப் பாதை வகுத்தது இதுவே. நீங்கள் இன்று எழுதும் கல்லூரி வரிசைப் பட்டியல் அதன் வழிவந்தது.

அத்தீர்ப்பில் இன்னொரு பகுதியும் மாணவருக்குப் பயன்படும். அன்று பாட மதிப்பெண் 200, நேர்காணலுக்கு 75. மொத்தம் 275-இல் 75 மதிப்பெண், சில நிமிடங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக் குழுவினர் போடுவது! இது மிகையாகத் தோன்றுகிறது என்று நீதிபதி குறிப்பிட்டார். பட்டணத்துப் பேச்சும் மடிப்புக் கலையாத சட்டையும் எவ்வளவு மதிப்பெண் பெறும் என்பதை அறிந்த எந்த ஆசிரியனும் அக்குறிப்பைப் படித்து மகிழ்வான்.

ஆயினும் அரசு எழுப்பிய பழைய கேள்வி இறந்துவிடவில்லை. நீதிமன்றம் பார்த்தது இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே உள்ள அநீதி. அரசு சொல்ல முயன்றது இரண்டு பள்ளிகளுக்கு இடையே உள்ள அநீதி. இரண்டும் மெய்யே. மாவட்டம் என்பது தவறான அளவுகோல் என்பதே என் துணிபு. அளக்க முயன்ற பொருள் தவறானதன்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும், சென்னை நகரத்துக்குள் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் முன்னதைப் பார்த்துச் சலுகை தருவது என்ன முறை?

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் அது நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவாயிற்று. அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீடாக 1986-ஐ ஒட்டித் தனியே பிரிந்தது. 2017 முதல் நீட் தேர்வு தமிழ்நாட்டு மாணவர் சேர்க்கைக்கும் கட்டாயமாயிற்று. அதைப்பற்றிய வாதங்களும் சட்டசபை மசோதாக்களும் நீங்கள் கண்ணெதிரே கண்டவை. சரித்திரமாக அவற்றைப் பேச இன்னும் காலம் வரவில்லை. ஆனால் 2020-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு, நூற்றுக்கு ஏழரை இடம் தனியே வழங்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குச் சென்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அச்சட்டம் செல்லும் என்றது. 1960-களில் வீட்டு முகவரியைக் கொண்டு அளக்க முயன்றதை, அரசு இப்பொழுது பள்ளி முகவரியைக் கொண்டு அளக்கிறது. இந்த அளவுகோல் பழையதைவிடத் திருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் உயிரியல் பாடம் சொன்ன ஆசிரியை, தம் மாணவி வெள்ளைக் கோட்டு அணிந்து பள்ளிக்கு வந்த அன்று வகுப்பையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மாவட்ட எல்லைகளும் சும்மா இருக்கவில்லை. 1997-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. எங்கள் மூன்று ஊர்களும் திருவள்ளூரின் பங்கில் வந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. பழைய விதிகள் இன்றும் இருந்திருந்தால், ஒரே தெருவின் இரு முனைகளில் உள்ள பிள்ளைகள் வெவ்வேறு பங்கில் நின்றிருப்பார்கள்.

இனி, திண்ணைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் விடைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் இன்று கல்லூரிக்குக் குறைவில்லை. 1985-இல் போரூரில் ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி தோன்றியது. பின்னர் வேலப்பன்சாவடி, தண்டலம் எனப் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாகவே தனியார் கல்லூரிகள் எழுந்தன. வீட்டு மாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் தூரம் என்பதால், முதலில் அதையே எழுதலாம் என்று தாய்மார் விரும்புவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கான கலந்தாய்வு மத்தியக் குழுவினால் நடைபெறுவது. மாநில அரசுக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வை நம் மாநிலத் தேர்வுக் குழு நடத்துகிறது. இரண்டும் வெவ்வேறு ஏடுகள். கட்டணமும் வெவ்வேறு. ஐந்து ஆண்டுக் கட்டணத்தையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பட்டியலில் கை வைக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

அரசுக் கல்லூரிகளுக்குள் எதை முதலில் எழுதுவது? கட்டடத்தைப் பாராதே, ஆஸ்பத்திரியைப் பார் என்பேன். இதுவும் சரித்திரம் கற்பித்த பாடமே. நம் நாட்டின் பழைய கல்லூரிகள் எல்லாம் நோயாளிகள் திரண்ட இடத்தில் பிறந்தவை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னை மக்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782-ஐ ஒட்டிய பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் இருக்கிறது. கஞ்சிக்கு வந்தவன் நோயாளியாகவும் இருந்தான். நோயாளி இருந்ததால் மருத்துவர் வந்தார். மருத்துவர் இருந்ததால் மாணவர் வந்தனர். மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியும், தஞ்சையில் இராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியும் கல்லூரிக்கு முன்பே இருந்தவை. கீழ்ப்பாக்கத்தில், கேப்டன் சீனிவாசமூர்த்தி தலைமையில் 1925-இல் தொடங்கிய இந்திய வைத்தியப் பள்ளியின் மண்ணில் இன்றைய கல்லூரி நிற்கிறது.

ஆகவே கல்லூரியின் பெயரை எழுதுமுன், பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பகுதிக்குச் செல்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம், அவ்வரிசையில் என்ன என்ன நோய்கள், மூத்த மாணவர்கள் நோயாளியின் அருகில் நிற்கிறார்களா அல்லது சுவரோரம் நிற்கிறார்களா என்று பாருங்கள். நோயாளியின் அருகில் கற்க வேண்டியதை நிழற்படத்தில் கற்க முடியாது. அங்கே நிற்க மனம் ஒவ்வாத பிள்ளை எந்தக் கல்லூரியையும் எழுதாமல் இருப்பதே நன்று என்று சில பெற்றோரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிய கல்லூரிகளை எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றால் கிடைத்த இடங்கள் 1,450. நான்கு கல்லூரிகளில் 330 இடங்கள் என்று சற்று முன் சொன்ன எண்ணை இதனருகே வைத்துப் பாருங்கள். அப்பதினொன்றில் ஒன்று திருவள்ளூர். அங்கும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி முன்பே இருந்தது. நாட்டுப்புறத்து நோயாளிகள் வருகிறார்கள். மாணவருக்குக் கற்க வேண்டியது உண்டு. பழைய கல்லூரிகளின் ஆசிரியர் மரபு அதற்கு இன்னும் வரவில்லை. அது வருவதற்கு ஆண்டுகள் ஆகும். வரிசையில் பெரியாஸ்பத்திரிக்கும் ஸ்டான்லிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் செங்கற்பட்டுக்கும் பின்னால் எழுதுங்கள். ஆனால் எழுதாமல் விடாதீர்கள் என்பதே நான் சொல்வது.

1856 முதல் எங்கள் இருப்புப்பாதையில் மருத்துவம் கற்கப் புறப்பட்ட பிள்ளை கிழக்கு நோக்கியே வண்டி ஏறினான். கடந்த சில ஆண்டுகளாக, காலை நேரத்தில் அம்பத்தூர் நிலையத்தில், சென்னை செல்லும் கூட்டம் நிரம்பி வழியும் நடைமேடைக்கு எதிர்ப்புறத்தில், திருவள்ளூர் வண்டிக்காகத் தோளில் பையும் கையில் மடித்த வெள்ளைக் கோட்டுமாக ஓரிருவர் நிற்கக் காண்கிறேன்.